அகதிகளின் தோழர் அருப்பே அடிகளார்

பிறந்த ஊரை விட்டுப் புறப்படுவோரை இருவகையினராகப் பிரிக்கலாம். திரும்பிச் செல்லும் பயணச் சீட்டைக் கையில் வைத்திருப்போர் ஒரு வகை. அஃது இல்லாதோர் மற்றொரு வகை. இக்குடியிருப்பில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. பிழைப்பை நாடி வந்தோம். மொழி தெரியாத கடைவீதியில் முதல் மாதம் புளிக்கும் புழுங்கலரிசிக்கும் அலைந்தோம். நமக்கு முன்னரே வந்திருந்த ஏதோவொரு தமிழர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பின்னர் நாமே ஒரு சங்கம் கண்டோம். கோடை விடுமுறை வந்ததும் குழந்தை குட்டிகளுடன் ஊருக்குச் சென்று, ஊறுகாய் ஜாடியும் அப்பளக் கட்டுமாய்த் திரும்பி வருகிறோம். இரண்டாம் வகையினருக்கு இவற்றில் எதுவுமில்லை. ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு இடரென்றும், வந்த நாட்டிலோ நிற்பதற்கே அனுமதி இல்லையென்றும் நடுவில் நிற்பவர்கள் அவர்கள். 1942ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்த தமிழர்களின் துயரக் கதையைத் தம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்முள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, இத்தகைய அகதிகளுக்காக ஓர் அறப்பணியைத் தோற்றுவித்த அருப்பே அடிகளாரின் நினைவே எனக்கு முதலில் எழுந்தது. அவர் கத்தோலிக்கத் துறவி. இயேசு சபையைச் சேர்ந்தவர். அச்சபை தமிழருக்குப் புதியதன்று. முத்துக்குளித் துறையில் பரதவரிடையே வாழ்ந்த சவேரியாரும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அச்சபையினரே. திருச்சியின் தூய வளனார் கல்லூரியும், சென்னை லயோலாக் கல்லூரியும், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் அச்சபையினர் நிறுவியவையே. எனினும் அருப்பே அடிகளாரின் பெயர் நம் இல்லங்களில் அதிகம் அறியப்படவில்லை. ஐந்து கண்டத்தாரும் அறிந்த பெயர் நமக்குத் தெரியாதிருத்தல் குறையே என எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

ஸ்பெயின் நாட்டின் வடகோடியில் பாஸ்கு மக்கள் வாழும் பகுதி ஒன்றுண்டு. ஸ்பானிய மொழியோடு சிறிதும் உறவில்லாத தனி மொழி பேசும் பழங்குடியினர் அவர்கள். அப்பகுதியின் துறைமுக நகரான பில்பாவோவில் 1907ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் நாள் பேத்ரோ அருப்பே பிறந்தார். தந்தையார் கட்டடக் கலைஞர். நான்கு பெண் மக்களுக்குப் பின் பிறந்த ஒரே ஆண் மகவு ஆதலின், செல்லப் பிள்ளையாகவே வளர்ந்தார். ஆனால் பத்து வயது நிறைவதற்குள் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கிய அவர் மருத்துவம் பயில மத்ரித் மாநகருக்குச் சென்றார். அங்கும் பரிசுகள் பெற்றார். அம்மருத்துவக் கல்லூரியில் அவர் காலத்தில் பயின்ற செவேரோ ஒச்சோவா என்பவர் பின்னாளில், 1959இல், நோபெல் பரிசு பெற்றார் என்றால் அங்கிருந்த மாணவர்களின் தரம் விளங்கும்.

மத்ரித்தின் புறநகரில் வாயேகாஸ் என்றொரு சேரி இருந்தது. ஏழையருக்கு உதவும் மாணவர் குழுவொன்றுடன் அருப்பே அங்குச் செல்லத் தொடங்கினார். ஒரு நாள் மாலை அங்கே ஒரு சிறுவன் பணியாரம் போன்றதொரு தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருந்தான். மாலைச் சிற்றுண்டி போலும் என்று எண்ணி விசாரித்தபொழுதுதான், அன்று முழுதும் அவன் உண்ட உணவே அவ்வளவுதான் என்று தெரிய வந்தது. வசதியான குடும்பத்தில் பிறந்த இளைஞருக்கு அது பெரும் அதிர்ச்சியாயிற்று. 1926இல் தந்தையும் மறைந்தார். அக்கோடையில் சகோதரியருடன் பிரெஞ்சு நாட்டின் லூர்து நகருக்கு யாத்திரை சென்றார். நம்மவர் வேளாங்கண்ணிக்குச் செல்வதுபோல் ஐரோப்பியர் நோய் நீங்க வேண்டிச் செல்லும் தலம் அது. மருத்துவ மாணவருக்குரிய ஐயக் கண்ணோடு நோயாளிகளை அருகிருந்து பார்த்தவர், சிலர் குணமடைந்ததைக் கண்டு வியந்தார். மத்ரித் திரும்பியபின் மருத்துவ நூல்களில் மனம் செல்லவில்லை. படிப்பு முடியுமுன்னரே, 1927 ஜனவரியில், லயோலாவில் இருந்த இயேசு சபைத் துறவகத்தில் சேர்ந்துவிட்டார். லயோலா என்பது சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் பிறந்த ஊர். அதுவும் பாஸ்கு நாட்டிலேயே உள்ளது. அருமையான மாணவனை இழந்தோமே என்று வருந்திய பேராசிரியர்களுள் ஹுவான் நெக்ரின் என்பவரும் ஒருவர். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

1932 ஜனவரியில் ஸ்பானியக் குடியரசு இயேசு சபையைக் கலைத்து ஆணை பிறப்பித்தது. அதன் உடைமைகள் பறிமுதலாயின. சபையினருக்குப் பத்து நாள் தவணை. மன்னராட்சிக் காலத்தில் செல்வரோடும் செல்வாக்கோடும் ஒட்டியிருந்தது சபை என்னும் வெறுப்பு அந்நாட்டில் பரவியிருந்தது. அவ்வெறுப்புக்குக் காரணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தண்டனை பெற்றவருள் பெரும்பாலோர் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். இருபத்து நான்கு வயது அருப்பேயும் தோழர்களும் ஒரு மூட்டையுடன் புகைவண்டி ஏறிப் பெல்ஜியம் சென்றனர். வேற்று நாட்டார் இரங்கி அளித்த இடத்தில் தங்கி, வேற்று மொழியில் பாடங்கேட்டனர். 1936 ஜூலையில் அவர் குருப்பட்டம் பெற்றபொழுது ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. உடன்பிறந்தார் ஒருவரேனும் விழாவுக்கு வர இயலவில்லை. அப்போரின்போது அந்நாட்டுத் தலைமை அமைச்சராக இருந்தவர், மேலே கூறிய பேராசிரியர் நெக்ரினே. 1939இல் அவர் தரப்புத் தோற்றது. மாணவரை வெளியேற்றிய குடியரசின் தலைவரும் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. 1956இல் பாரிஸ் நகரில் அகதியாகவே அவர் உயிர் துறந்தார். ஊழின் திருவிளையாடலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்த அடிகளார், நியூயார்க் நகரச் சிறையில் ஸ்பானிய மொழி பேசும் கைதிகளிடையே சில காலம் பணியாற்றிவிட்டு, 1938 அக்டோபரில் ஜப்பானில் கரையிறங்கினார். அவர் நெடுநாள் விரும்பிக் கேட்ட பணியிடம் அது. பின்னர் யாமாகுச்சி நகரில் பங்குக் குருவாக அமர்ந்தார். நம் கடற்கரையிலிருந்து கிழக்கே சென்ற சவேரியார், 1551இல் தங்கிச் சமயம் போதித்த அதே ஊர். அருப்பே அடிகளார் ஜப்பானிய மொழியோடு நிற்கவில்லை. தேநீர் விருந்தின் முறைகளையும், தூரிகை எழுத்தையும், வில்வித்தையையும் கற்றார். தரையில் முழந்தாளிட்டுக் குதிகாலின்மீது அமர்ந்து செபிக்கும் வழக்கம் அப்பொழுது வந்ததே. இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. வந்த நாட்டாரின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளாமலே இருபதாண்டு குடித்தனம் நடத்துவோர் நம்மிடையே உண்டு. நானும் அவ்வகையில் குற்றவாளியே.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பான் போரில் இறங்கிய செய்தி பரவிய அன்றே, வேற்று நாட்டு ஒற்றர் என்னும் ஐயத்தில் போலீசார் அவரைக் கைது செய்தனர். ஒரு பாயும் தனிமையுமே துணை. கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில் சிறையறைக்கு வெளியே ஏதோ மெல்லிய ஓசை கேட்டது. அவருடைய பங்கு மக்கள், போலீசாரின் கண்ணில் படும் அச்சத்தையும் பொருட்படுத்தாமல் வந்து, அவர் கற்பித்த விழாப் பாடலைத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தனர். ஒரு மாதத்திற்கு மேல் அடைத்து வைத்து, இரவு பகலாக விசாரித்து, குற்றம் ஏதுமில்லை என்று கண்டு ஜனவரியில் விடுவித்தனர். வெளியே வரும்பொழுது அவர் சிறை அதிகாரிக்கு நன்றி கூறினார். அதிகாரி திகைத்தார். துன்பம் இன்னதென்று கற்பித்தமைக்கே நன்றி என்று அடிகளார் விளக்கினார். கேட்போருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் நிந்தனையாகவோ நடிப்பாகவோ அவர் அதைச் சொல்லவில்லை என்பது பிந்திய வாழ்வால் விளங்கும்.

அதே 1942இல் அவர் இளந்துறவியரின் ஆசிரியராக நியமிக்கப்பட்டு, ஹிரோஷிமா நகரின் புறத்தே, நகட்சுகா என்னும் குன்றடிவாரத்தில் உள்ள துறவகத்திற்குச் சென்றார். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு நகரின்மேல் அணுகுண்டு வெடித்தது. அறையில் உரையாடிக்கொண்டிருந்த அடிகளார், கண்ணைப் பறிக்கும் ஒளியைக் கண்டு கதவைத் திறந்தார். அடுத்த கணம் பேரோசையும் காற்றும் தாக்கின. கதவுகளும் சன்னல்களும் ஓடுகளும் பறந்தன. எல்லோரும் தரையில் வீழ்ந்தனர். எழுந்து பார்த்தபொழுது வீட்டில் உள்ள இளைஞர் எவருக்கும் பெருங்காயமில்லை. தங்கள் தோட்டத்தில்தான் குண்டு விழுந்தது என்றெண்ணி வெளியே தேடினர். குழி ஏதும் காணோம். குன்றின்மேல் ஏறிப் பார்த்தபோது நகரம் இருந்த இடத்தில் நெருப்பே பரந்திருந்தது.

இவ்விடத்தில் அவர் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; பின்னால் வரவிருக்கும் அகதிகள் பணியின் வித்து இதனுள்ளே இருக்கிறது. முதலில் ஆலயத்துள் சென்று சிறிது நேரம் செபித்தார். பின்னர் துறவகத்தை மருத்துவமனையாக்க முடிவு செய்தார். மருத்துவமனை என்னும் சொல்லுக்குரிய பொருள் எதுவும் அங்கில்லை. சிறிது அயோடின், சில ஆஸ்பிரின் மாத்திரைகள், பழ உப்பு, சோடா உப்பு ஆகியவையே கையிருப்பு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பாதியில் விட்ட மருத்துவக் கல்வியும் உடனிருந்தது. எரிந்த நகரிலிருந்து கால் போன போக்கில் வெளியேறியவர்கள், தோல் உரிந்து தொங்க, சாரி சாரியாகச் சாலையில் வந்தனர். அவர்களுள் 150 பேர் அளவுக்கு அவ்வீட்டில் இடம் பெற்றனர். செபக்கூடம், நூலகம், படுக்கையறைகள் என எல்லாத் தரைகளிலும் நோயாளிகள். படுக்கை விரிப்புகளையும் உள்ளாடைகளையும் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கினர். ஒரு விவசாயி மூட்டை நிறையப் போரிக் அமிலம் கொணர்ந்து தந்தார்; அதுவே பெருமருந்தாயிற்று. புண்ணைக் கழுவி, அந்நீரில் நனைத்த துணியால் மூடி, ஈரம் காயாமல் காத்தனர். இளந்துறவியர் சைக்கிளிலும் கைவண்டியிலும் சிற்றூர்தோறும் சென்று முட்டை, மீன், காய்கறி எனக் கிடைத்தவற்றைத் திரட்டி வந்தனர். நோயாளிக்கு வலிமையூட்டினால் உடம்பு தானே போராடும் என்பது அடிகளாரின் கணக்கு. அது பெரும்பாலும் பலித்தது. அங்குச் சேர்ந்தவர்களுள் மிகப் பலர் பிழைத்தனர்.

தீக்காயமே இல்லாதவர் சிலர், சில நாள் கழித்து முடி உதிர்ந்து, குருதி கசிந்து மாண்டதன் காரணம் அப்பொழுது ஒருவருக்கும் தெரியாது. அணுக்கதிர் என்றொன்று இருப்பதையே மக்கள் கேட்டதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு அந்நகரில் எவ்வுயிரும் வாழாது, உள்ளே செல்வோர் மடிவர் என்ற பேச்சு எழுந்தது. அப்படியிருந்தும் இறந்தவரை எடுத்து எரிக்கவும், உயிரோடிருப்பவரைத் தேடவும் அடிகளாரும் தோழர்களும் நகருக்குள் சென்றனர்.

மறுநாள் விடியற்காலை அவர் வழக்கம்போல் பூசை நிறைவேற்றினார். செபக்கூடம் முழுதும் காயமுற்றவர்கள் நெருக்கமாகப் படுத்திருந்தனர், பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்னும் வாழ்த்தைச் சொல்ல மக்கள்பக்கம் திரும்பிக் கைகளை விரித்தவர், அக்காட்சியைக் கண்டு விரித்த கை விரித்தபடியே சில நேரம் அசைவற்று நின்றுவிட்டார். அவர்கள் என்ன நடக்கிறதென்று அறியாமல் அவரையே நோக்கிக்கொண்டிருந்தனர். அந்நோக்கை வாழ்நாள் முழுதும் மறக்க முடியவில்லை என்று பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

போருக்குப் பின் ஜப்பானிலேயே இருபதாண்டுக்காலம் உழைத்து, அங்குச் சபையின் மாகாணத் தலைவரும் ஆனார். 1965 மே 22ஆம் நாள் உலகளாவிய இயேசு சபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இஞ்ஞாசியார் முதலாக எண்ண அவர் 28ஆம் தலைவர். அந்நாளில் சபையினரின் தொகை 36,000. பெரும்பதவி, ஆனால் அமைதியான பதவியன்று. 1973இல் வாலென்சியா நகரில் சபைக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கூடினர். செல்வரும் பதவியாளரும் நிறைந்த அவை. நீதிக்காக நிற்கும் மனிதர்களாக உங்களை நாங்கள் வளர்க்கவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே அவர் ஒப்புக்கொண்டார். பலர் முகஞ்சுளித்தனர். ஏழைகளுக்கு நீதி தேடுவதும் சமயப் பணியின் பகுதியே என்று 1975இல் சபையின் பேரவை முடிவு செய்தபின் எதிர்ப்பு வலுத்தது. 1977இல் எல் சால்வதோர் நாட்டில் உழவர் பக்கம் நின்ற சபைக் குரு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்; எஞ்சியோர் முப்பது நாளில் வெளியேறாவிடில் அவர்களுக்கும் அதே கதி என்று மிரட்டல் வந்தது. ஏழைகளை விட்டு வரமாட்டார்கள் என்று அடிகளார் மறுமொழி விடுத்தார். அவர் தலைமையில் சபையினரின் தொகை 26,000 ஆகக் குறைந்ததையும் சொல்லியாக வேண்டும். குறைவுக்குக் காலமாற்றமே முதற்காரணம் ஆயினும், அவர் எவரையும் எளிதில் நம்பிவிடுவார், கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கமாட்டார் என்ற குறை அவரை நேசித்தவர்களாலும் கூறப்பட்டதே. நிர்வாகி என்ற முறையில் அவருக்கு முழு மதிப்பெண் தருவது கடினம்.

இனி, அகதிகள் பணிக்கு வருவோம். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தபின், வியட்நாம் நாட்டவர் பல்லாயிரவர் சிறு மரக்கலங்களில் கடலில் இறங்கினர். புயலும் கடற்கொள்ளையரும் போக, பிழைத்தவர் மலேயா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன், ஹாங்காங் கரைகளில் ஒதுங்கினர். மலேசியக் கடற்கரைக்கு அப்பாலுள்ள புலாவ் பீடோங் என்னும் சின்னஞ்சிறு தீவில் 1979 ஜூன் மாதம் 40,000 பேர் அடைபட்டுக் கிடந்தனர். இடங்கொடுத்த நாடுகளும் ஏழை நாடுகளே. இனி எவரையும் ஏற்பதில்லை என அவை அறிவித்தன. அதே மாதத்தில் தாய்லாந்தினர், கம்போடியாவிலிருந்து தப்பி வந்த 40,000 பேருக்கு மேற்பட்டோரைப் பேருந்துகளில் ஏற்றி, எல்லையிலுள்ள பிரேயா விஹார் மலையின் செங்குத்தான சரிவில் கீழே இறங்கச் செய்தனர். அம்மலையுச்சியில் இருப்பது பழமையான சிவன் கோயில். சரிவின் அடியில் புதைந்திருந்தவையோ கண்ணிவெடிகள்.

அவ்வாண்டு டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, அடிகளார் உலகின் பல பகுதிகளிலுள்ள சபைத் தலைவர்கள் சுமார் 20 பேருக்குத் தந்தி அடித்தார். இம்மக்களுக்கு நீங்கள் என்ன செய்யக்கூடும் என்பதே கேள்வி. ஆள் தருகிறோம், மருந்து தருகிறோம், பணம் தருகிறோம், எங்கள் அரசை வற்புறுத்துகிறோம் என மறுமொழிகள் குவிந்தன. தந்தியைக் கண்டதும் எவரும் ஆழ்ந்து பரிசீலிக்கிறோம் என்று கோப்பு திறக்கவில்லை. அலுவலகங்களில் காலங்கழிக்கும் நம்போன்றோருக்கு இதன் அருமை தெரியும். 1980 செப்டம்பரில் ரோமாபுரியில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. நவம்பர் 14ஆம் நாள், தம் 73ஆம் பிறந்த நாளன்று, சபை முழுமைக்கும் எழுதிய மடலில் இயேசு சபை அகதிகள் பணி என்னும் அமைப்பை அவர் தொடங்கி வைத்தார்.

கிடங்குகளும் கப்பல்களும் உடைய பெரிய நிறுவனம் ஒன்றை அவர் கருதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தலைமை அலுவலகம் என்பது ரோமாபுரியில் சபையின் தலைமையகத்துள் ஒரு சிறு பிரிவே. சபைக்கு உலகெங்கும் வீடுகளும் பள்ளிகளும் கல்லூரிகளும் மாணவர்களும் இருக்கின்றனர். அக்கதவுகள் அகதிகளுக்குத் திறந்தால் போதும் என்பது அவர் எண்ணம். நகட்சுகாவில் நூலகத்தையும் செபக்கூடத்தையும் நோயாளிகளுக்குத் தந்த மனிதர், அதனையே 1980இல் உலகளவில் கேட்டார். உணவும் மருந்தும் வழங்கப் பிறர் இருக்கலாம். அகதியோடு முகாமில் தங்குவதற்கும், அவன் சொல்வதைக் கேட்டிருப்பதற்கும், குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதற்கும், அவன் வழக்கை அரசிடம் எடுத்துரைப்பதற்கும் ஆட்கள் வேண்டும் என்றார். உடனிருத்தல், பணிசெய்தல், உரிமைக்காகப் பேசுதல் என்று அப்பணியின் நோக்கம் இன்றும் மூன்றாக உரைக்கப்படுகிறது. சமயம் எது, அரசியல் எது என்று பார்ப்பதில்லை. வியட்நாமியரில் மிகப் பலர் புத்த சமயத்தினர். ஆப்பிரிக்க அகதிகளிலும் பிற அகதிகளிலும் முஸ்லிம்கள் ஏராளம்.

தொலைவிலுள்ள முகாம்களுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவர் தம் வாசலை மறந்துவிடவில்லை. அந்நாளில் எத்தியோப்பியாவில் போரும் கொடுங்கோலும் நிகழ, அங்கிருந்து தப்பியவர்கள் ரோமாபுரியின் தெருக்களில் படுத்துக் கிடந்தனர். இத்தாலிய நாட்டுச் சட்டம் அவர்களை அகதிகளாகவே ஏற்கவில்லை; ஐரோப்பியர்க்கு மட்டுமே அவ்வுரிமை இருந்தது. 1981இல், நகரின் நடுவில், ஜேசு ஆலயத்தை ஒட்டியுள்ள அஸ்தாலி வீதியில், சபையின் கட்டடத்து நிலவறையில் அவர்களுக்கு இரவுணவு தரும் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அஸ்தாலி நிலையம் என்று அதற்குப் பெயர். 1538ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரோமாபுரியில் பஞ்சம் வந்தபொழுது இஞ்ஞாசியாரும் தோழர்களும் தாம் தங்கியிருந்த வீட்டிலேயே நூற்றுக்கணக்கான ஏதிலியரைக் கிடத்திச் சோறிட்ட வரலாறு சபையில் எல்லோரும் அறிந்தது. அறிந்த வரலாற்றை நானூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் செய்துகாட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

1981 ஜூலை இறுதியில் அடிகளார் பிலிப்பைன் நாட்டுக்குச் சென்றார். அங்கிருந்து தாய்லாந்தின் பாங்காக் நகரை அடைந்து, முகாம்களில் உழைத்துக்கொண்டிருந்த சபையினரை ஆகஸ்ட் 6ஆம் நாள் சந்தித்தார். ஹிரோஷிமா எரிந்து சரியாக 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொண்டர்களிடையே கருத்து வேற்றுமை மிகுந்திருந்தது. முகாம்களில் சோறு தருவதால் போராளிகளை வளர்க்கிறோமோ, பொதுவுடைமை ஆட்சியிலிருந்து ஓடி வந்தவர்க்கு மட்டும் உதவுவது அரசியலாகுமோ, என்றெல்லாம் நேர்மையானவர்கள் நெஞ்சு குமைந்தனர். அடிகளார் எளிய தீர்ப்பெதுவும் வழங்கவில்லை. எப்பக்கத்திலிருந்து வந்தவராயினும் அகதி அகதியே என்றார். ஒருவரையொருவர் கலந்து முடிவெடுக்கும்படியும் இயம்பினார். பிறகு, கிழவனொருவன் பிள்ளைகளுக்குச் சொல்லும் இறுதி வார்த்தை போல, செபிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மனித முயற்சியால் மாத்திரம் தீரும் துன்பமன்று இது, என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். இதுவே தம் கடைசிப் பாட்டாக இருக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னதாகவும் அங்கிருந்தவர்கள் எழுதி வைத்துள்ளனர்.

அன்றிரவே ஆகாய விமானம் ஏறினார். மறுநாள் காலை ரோமாபுரி விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டியைத் தூக்க முயன்றார், கை எழவில்லை. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் அடைப்பு. வலப்பக்கம் செயலற்றது, பேச்சும் குலைந்தது. ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம் எனப் பல மொழிகளில் சரளமாகப் பேசிய நாவுக்கு இனி, சிறுவயதில் பேசிய ஸ்பானிய மொழியின் சில சொற்களே எஞ்சின. பிறர் பேசுவது விளங்கும். விடை சொல்ல வராது. அக்டோபரில் போப்பாண்டவர், சபையின் வழக்கத்தை மீறித் தாமே ஒரு பிரதிநிதியை நியமித்துச் சபையை நடத்தச் செய்தார். சபைக்குள் பலர் புண்பட்டனர். அடிகளார் கண்ணீர் விட்டாரென்பர். ஆயினும் மறுத்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை. கீழ்ப்படியுமாறே தம்மவருக்கு உணர்த்தினார். 1983 செப்டம்பரில் பேரவையில் அவர் பதவி விலகியபொழுது, அவரது செய்தியை வேறொருவர் படிக்க, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

பின்னும் ஏழாண்டுக்கு மேல் நோயகத்தின் ஒரு சிற்றறையில் கழித்தார். காண வந்தவர்களின் கையைப் பற்றிக்கொள்வார், சொல் தேடுவார், கிடைக்காவிடில் புன்னகை செய்வார். உலகைச் சுற்றி வந்த மனிதர் நான்கு சுவருக்குள் ஒன்பதரை ஆண்டுகள் இருந்திருக்கிறார் என்றெண்ணும்போது, யாமாகுச்சிச் சிறையில் நன்றி கூறியது என் நினைவுக்கு வருகிறது. 1991 ஜனவரி இறுதியில் போப்பாண்டவரே வந்து அவர் படுக்கையருகில் நின்று சென்றார். பிப்ரவரி 5ஆம் நாள் உயிர் பிரிந்தது. அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்குரிய விசாரணையைத் திருச்சபை 2019இல் தொடங்கியுள்ளது.

அவர் தொடங்கிய பணி இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து கடல் கடந்து மண்டபத்தில் கரையேறிய தமிழர்கள் தமிழகத்து முகாம்களில் குடியமர்ந்தபொழுது, அக்குழந்தைகளுக்கு மாலை நேரப் படிப்பகங்கள் நடத்த முன்வந்தவர்களுள் இவ்வமைப்பினரும் இருந்தனர். அம்முகாம்களில் பிறந்து, பத்துக்குப் பத்து அறையில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர் உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இன்றி அவர்களுள் பலர் இன்னமும் காத்திருக்கின்றனர். 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது.

அருப்பே அடிகளாரின் உடலை 1997இல் ரோமாபுரியின் ஜேசு ஆலயத்துக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தனர். இஞ்ஞாசியாரின் கல்லறையும் அவ்வாலயத்திலேயே உள்ளது. பொன்னும் பளிங்கும் இழைத்த அவ்வாலயத்தைக் காண நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். அவர்களுள் பலர் முன்வாயிலால் நுழைந்து முன்வாயிலாலேயே திரும்பிவிடுவர். பக்கத்துச் சந்தில் திரும்பினால் அஸ்தாலி வீதி. அங்கே நிலவறை வாசலில், ஆப்பிரிக்கரும் ஆப்கானியரும் பிறரும் தட்டேந்தும் வேளைக்காக வரிசையில் நிற்பர்.